ருமேனியாவில் குடியேறுபவர்களுக்கு: விசாவிலிருந்து விருந்து மேசை வரை

வேலைக்கோ படிப்புக்கோ ருமேனியா போகிறவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இங்கே யாருக்கும் நம்மைப் பிடிக்கவில்லை. கடைக்காரம்மா சிரிப்பதில்லை. லிஃப்ட்டில் கூட வருபவர் முகம் கொடுப்பதில்லை. அலுவலகக் கவுன்ட்டரில் இருப்பவர் அதட்டுவதுபோலப் பேசுகிறார். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அந்த ஊர் வழக்கமில்லை, அவ்வளவுதான். அதே மனிதர்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டால் எழுந்திருக்க விடாமல் பரிமாறுவார்கள். கவுன்ட்டரிலிருந்து மேசைக்குப் போய்ச் சேர, தாள்களைச் சரியாக வைத்திருப்பதும் மரியாதைச் சொற்களைச் சரியாகச் சொல்வதும்தான் வழி. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

கிளம்புவதற்கு முன்

ருமேனியா 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியிலும் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. எனவே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழக்கமான ஷெங்கன் விசாதான். அதில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வரிசை வேறு. முதலில் அங்குள்ள நிறுவனம் குடிவரவுத் துறையிடம் உங்கள் பெயரில் 'அவிஸ் தெ அங்கஜாரே' என்ற வேலை அனுமதியை வாங்க வேண்டும். அதை நீங்களே வாங்க முடியாது. அது கைக்கு வந்தபின் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பித்து, தூதரகத்தில் தாள்களைக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் ருமேனியத் தூதரகம் டெல்லியில், இலங்கையில் கொழும்பில். 'முதலில் டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 1,00,000 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்ற அளவில் அந்நாட்டு அரசு இடம் ஒதுக்கியது. நேபாளம், இலங்கை, வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஏராளமானோர் போனார்கள். போலி ஏஜென்ட்களும் அந்தக் கூட்டத்தோடு பெருகினார்கள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் 'ப்ரூத்' என்று போட்டிருக்கிறதா, 'நெத்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பிடித்தத்துக்கு முன் உள்ள தொகை, இரண்டாவது கையில் வருவது. பிடித்தம் இப்படி: மொத்தச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கு 25%, மருத்துவக் காப்பீட்டுக்கு 10%, மிச்சத்தில் வருமான வரி 10%. ஆக 6,000 லெய் ப்ரூத் என்றால் 1,500-ம் 600-ம் போய் 3,900 நிற்கும். அதில் 390 வரி. கையில் 3,510. சலுகைகள் இருந்தால் கொஞ்சம் கூடும். எளிய கணக்கு, ப்ரூத்தை 0.585 ஆல் பெருக்குங்கள். சொன்ன சம்பளம் தரவில்லை என்று வரும் சண்டைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு சொல்லைக் கவனிக்காததுதான் காரணம்.

சான்றிதழ்களை ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது மிக முக்கியம். இந்தியர்கள் பட்டம், திருமணச் சான்று, காவல்துறைச் சான்று ஆகியவற்றுக்கு அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு தரும் உறுதி) வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே போனபிறகு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதை ருமேனிய மொழியில் பெயர்ப்பார், நோட்டரி அதை உறுதி செய்வார். மொழிபெயர்ப்பாளர் முத்திரை மட்டும் போதுமா, நோட்டரியும் வேண்டுமா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். முதலிலேயே கேட்டுவிட்டால் இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிராது.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. ருமேனியப் படிவத்தில் 'நூமே' என்ற கட்டம் குடும்பப் பெயருக்கு, 'ப்ரெநூமே' என்ற கட்டம் சொந்தப் பெயருக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் 'நூமே'யில் சொந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரிசை, விசாவில் ஒரு வரிசை என்று ஆகி, கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டையும் இரு ஆட்களாகப் பார்ப்பார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலோ முதலெழுத்து மட்டும் இருந்தாலோ, விசாவில் எப்படி அச்சானதோ அதே வரிசையை வங்கி, வீடு, கல்லூரி என எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள்.

இறங்கியதும்

புக்கரெஸ்ட்டின் விமான நிலையம் நகருக்கு வடக்கே ஓதோபேனியில் இருக்கிறது. அங்கிருந்து கார தெ நோர்த் என்ற தலைமை ரயில் நிலையத்துக்கு ரயில் உண்டு, அரை மணிக்குள் போய்விடும். நகரின் நடுப்பகுதிக்கு 100-ம் எண் பேருந்து. டாக்சி வேண்டுமென்றால் செயலியில் பதிவு செய்யுங்கள், அல்லது நிலையத்தில் உள்ள தொடுதிரை இயந்திரத்தில் சீட்டு எடுங்கள். வருகைக் கூடத்தில் தானாக வந்து 'டாக்சி, டாக்சி' என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். டாக்சியின் கதவில் ஒரு கிலோமீட்டருக்கு என்ன கட்டணம் என்று எழுதியிருக்கும். ஏறும் முன் அதைப் படியுங்கள்.

பணம் லெய். 1 யூரோவுக்கு ஏறத்தாழ 5 லெய். நோட்டுகள் பிளாஸ்டிக். கடையில் யூரோ செல்லாது. பணம் மாற்றும் கடையில் இரண்டு விலை போட்டிருப்பார்கள்: 'கும்பராரே' என்பது அவர்கள் உங்களிடம் வாங்கும் விலை, அதுதான் உங்களுக்குரியது. பக்கத்து விலையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

பாட்டில் தண்ணீருக்கு 50 பானி (அரை லெய்) கூடப் போட்டிருந்தால் அது வைப்புத் தொகை. 2023 நவம்பர் 30 முதல் இந்த முறை நடக்கிறது. காலி பாட்டிலை நசுக்காமல், லேபிள் கிழியாமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திருப்பித் தரும். நசுங்கிய பாட்டிலின் கோட்டு எண்ணை இயந்திரத்தால் படிக்க முடியாது, வெளியே தள்ளிவிடும். உணவகத்தில் 10% டிப்ஸ் வழக்கம், பில்லிலேயே எவ்வளவு என்று குறிக்க இடம் இருக்கும்.

வீடு

விளம்பரத்தில் 'இரண்டு காமெரே' என்றால் இரண்டு படுக்கையறை என்று நினைக்காதீர்கள். ஹாலையும் சேர்த்து இரண்டு அறை. 'கர்ஸொனியேர' என்றால் ஒரே அறையும் சமையலறையும். 'தெகொமந்தாத்' என்றிருந்தால் ஒவ்வொரு அறைக்கும் நடைபாதையிலிருந்து தனி வழி. நண்பர்கள் பங்கிட்டுத் தங்குவதாக இருந்தால் இதைத்தான் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் அறை வழியாக இன்னொருவர் நடக்க நேரும்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றில் முதலாவது, கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பது. 1977 மார்ச் 4 அன்று வ்ரான்ச்சா நிலநடுக்கத்தில் 1,500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் புக்கரெஸ்ட்டில். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய உயரமான அடுக்குமாடிகள்தான் அதிகம் சரிந்தன. மிகவும் ஆபத்தானவை என்று தரம் பிரித்த கட்டடங்களின் முகப்பில் சிவப்பு வட்டத் தகடு இருக்கும், 'புலின ரோஷியே' என்பார்கள். நகரின் நடுவில், அழகான பழைய கட்டடத்தில், வாடகை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால் வாசலுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். 1977-க்குப் பின் கட்டியவை கடுமையான விதிகளின்படி எழுந்தவை.

அடுத்தது வெப்பம். நகராட்சிக் குழாய் வழியாக வரும் வெந்நீரும் அறைச் சூடும் புக்கரெஸ்ட்டில் அடிக்கடி நின்றுபோகும். குழாய்கள் பழையவை, வெடித்துக்கொண்டே இருக்கும். 'செந்த்ரால ப்ரோப்ரியே', அதாவது வீட்டுக்கே உரிய எரிவாயுக் கொதிகலன், இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சனவரியில் அதன் அருமை தெரியும்.

வாடகைக்கு மேல் 'உந்த்ரெட்ஸினேரே' என்ற மாதப் பராமரிப்புத் தொகை உண்டு. தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு, சில வீடுகளில் வெப்பமும் அதில் அடங்கும். தரைத்தளப் பலகையில் வீட்டு எண் வாரியாகப் பட்டியல் ஒட்டுவார்கள். குளிர்காலத்தில் இது எவ்வளவு ஆகும் என்று கேட்டு, போன சனவரி, பிப்ரவரிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். கோடைப் பட்டியலை நம்பிக் கணக்குப் போட்டால் தவறிவிடும். பல கட்டடங்களில் தண்ணீர் மீட்டர் எண்ணை மாதாமாதம் நீங்களே வாசலில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் உத்தேசக் கணக்கில் கூடுதலாக வரும்.

முன்பணம் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வரித்துறையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரர் 'பதிவு வேண்டாம், வாடகையைக் குறைக்கிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தங்கும் அனுமதி கேட்கும்போது முகவரிச் சான்று இல்லாமல் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இரவு 10 முதல் காலை 8 வரையிலும், பகல் 1 முதல் 2 வரையிலும் சத்தம் போடக் கூடாது என்பது சட்டம். பகல் ஒரு மணி நேரத்தைப் பலரும் அறிவதில்லை. மிக்ஸியில் தேங்காய் அரைப்பதை ஒரு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

தங்கும் அனுமதி

நீண்டகால விசா வழக்கமாக 90 நாள் தங்கும் உரிமையைத்தான் தரும். அது முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பாக 'பெர்மிஸ் தெ ஷெதேரே'க்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆக உண்மையில் உங்களுக்கு இருப்பது முதல் 60 நாள். அதற்குள் வீடு, ஒப்பந்தம், மருத்துவச் சான்று, காப்பீடு எல்லாம் சேர வேண்டும். இணையத்தில் நேரம் குறிப்பதற்கே வாரங்கள் ஆகலாம் என்பதால் இறங்கிய முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும்போது 'தோஸார் கு ஷின' ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே உலோகப் பட்டை வைத்த அட்டைக் கோப்பு, எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். தாள்களை உதிரியாக நீட்டினால் கோப்பில் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் நகல், அசலும் கையில், கட்டணம் முன்கூட்டியே கட்டிய ரசீது. பொதுமக்கள் நேரம் குறைவு, பூட்டிய கதவில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும்.

தங்கும் அனுமதி அட்டையில் 13 இலக்க எண் வரும், 'செநெபெ' என்பார்கள். வெளிநாட்டு ஆண்களுக்கு 7-லும் பெண்களுக்கு 8-லும் தொடங்கும், அடுத்த ஆறு இலக்கம் உங்கள் பிறந்த தேதி. தேதி தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். வங்கி, மருத்துவர், வரி எல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான். எண் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிவது. காப்பீட்டில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க அவர் தரும் சீட்டு வேண்டும். அவசரத்துக்கு எப்போதும் 112.

பேச்சு

ருமேனியம் லத்தீன் வழி வந்த மொழி. அதை ரஷ்ய மொழியோடு சேர்த்துப் பேசினால் வருத்தப்படுவார்கள். தமிழருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தொப்பி போட்ட 'அ'வும் (â) தொப்பி போட்ட 'இ'யும் (î) குறிக்கும் ஒலி மற்ற வெளிநாட்டினருக்குத் தொண்டையில் சிக்கும். நமக்கோ 'காது', 'பாட்டு' என்னும் சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரம் இருக்கிறது. ஏறத்தாழ அதே ஒலிதான். சொல்லின் நடுவில் அதைக் கொண்டுவரப் பழகினால் போதும். சொல் முடிவில் வரும் 'இ' பெரும்பாலும் காற்றாகக் கரைந்துவிடும்: தலைநகரை அவர்கள் சொல்வது 'புக்குரெஷ்ட்', வடகிழக்கில் உள்ள பெரிய நகரம் 'யாஷ்'.

நாள் முழுக்கத் தேவைப்படுபவை: 'புன ஸீவ' (பகல் வணக்கம், 'பஸ்'ஸில் வரும் ப), 'முல்ட்ஸுமெஸ்க்' (நன்றி), 'வ ரோக்' (தயவுசெய்து), 'லா ரெவெதேரே' (போய் வருகிறேன்). வழி கேட்கவோ யாரையாவது கூப்பிடவோ 'நு வ ஸுபரட்ஸ்' என்று தொடங்குங்கள். 'கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். நம் ஊரில் 'தப்பா நினைக்காதீங்க' என்று ஆரம்பிப்போமே, அதே மாதிரி.

லிஃப்ட்டில் ஏறினாலும், மருத்துவர் காத்திருப்பறைக்குள் நுழைந்தாலும், சின்னக் கடைக்குள் போனாலும் 'புன ஸீவ' முதலில் சொல்ல வேண்டியது உள்ளே வருபவர். இதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. சொல்லிவிட்டால் அந்த இறுகிய முகங்கள் திரும்பும்.

'நீ', 'நீங்கள்' வேறுபாடு அங்கேயும் உண்டு. 'து' என்பது நீ, 'தும்னெயவ்வாஸ்த்ர' என்பது நீங்கள். அவர்களாக 'து' என்று பேசச் சொல்லும்வரை பெரியவர்களிடம் மரியாதை வடிவமே. வயதான பெண்களுக்கு 'சருத் முன' என்பது இன்னும் அழகு. 'கையை முத்தமிடுகிறேன்' என்று பொருள், முத்தமிட வேண்டியதில்லை, சொன்னால் போதும். அடுத்த வீட்டுப் பாட்டிக்கு ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள்.

சமையலும் கடையும்

கொத்தமல்லி என்று நினைத்து வாங்குவது பத்துக்கு எட்டு முறை 'பத்ருன்ஜெல்' (பார்ஸ்லி) ஆக இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே, மணத்தில் சம்பந்தமே இல்லை. ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். சீரகத்துக்கு 'கிமியோன்' என்று கேளுங்கள். 'கிமென்' என்பது வேறு விதை, ரசத்தில் போட்டால் ரொட்டி வாசம் வரும். மிளகாய்த்தூள் போலச் சிவந்திருக்கும் 'போய துல்சே'யில் காரமே இல்லை. 'போய யூதே'யில் கொஞ்சம் உண்டு. கொண்டைக்கடலை 'நவுத்', பருப்பு 'லிந்தே', இவை எங்கும் கிடைக்கும். மோருக்கு 'லாப்தே பதூத்' நன்றாகவே ஒத்துவரும்.

சைவ உணவுக்காரர்கள் உணவகத்தில் 'வெஜிடேரியன்' என்று கேட்பதைவிட 'தெ போஸ்த்' என்று கேட்பது பலன் தரும். ஆர்த்தடாக்ஸ் விரத உணவு அது: இறைச்சி, முட்டை, பால் மூன்றும் இருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம், நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை, இவற்றோடு புதன், வெள்ளியிலும் விரதம் இருப்பவர்கள் உண்டு. அந்த நாட்களில் பல உணவகங்களில் தனிப் பட்டியலே இருக்கும். மசித்த வெள்ளை பீன்ஸின் மேல் வதக்கிய வெங்காயம் போட்ட 'ஃபசோலே பதூத', சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த 'ஸகுஸ்க', சோள மாவுக் களியான 'மமலிக' ஆகியவை நம் நாக்குக்குப் பழகியவைபோல இருக்கும். சில விரத நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் 'மீன் இல்லையே' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் 'சலாத தெ வினெதே'யில் மயோனைஸ் கலக்கலாம், அதில் முட்டை. காய்கறி 'சோர்ப' என்று எழுதியிருந்தாலும் எலும்புச் சாறு சேர்ந்திருக்கலாம். மாட்டிறைச்சி 'வித', பன்றி 'போர்க்', கோழி 'புய்'. சாலையோரம் மணக்கும் 'மிச்' என்ற சுட்ட இறைச்சி உருளைகளில் பெரும்பாலும் மாடும் கலந்திருக்கும்.

விருந்தாளியாக

அழைப்பு வந்தால் பூ வாங்குங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்: 3, 5, 7. இரட்டைப்படை சாவுக்குரியது. பூக்கடையில் சொல்லாமலே சரியாக எண்ணித் தருவார்கள், ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் நீங்களே எண்ண வேண்டும். வீட்டம்மாவின் கையில் கொடுங்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள், வீட்டுச் செருப்பு தருவார்கள்.

பிளம் சாராயம் ஒரு சின்னக் கோப்பையில் வரும். குடிக்காதவர்கள் மருந்தையோ மதத்தையோ காரணம் காட்டித் தெளிவாக ஒருமுறை மறுத்துவிட்டு, தண்ணீர்க் கோப்பையை உயர்த்தி 'நொரோக்' சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள். அரைமனதாக மறுத்தால் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று மீண்டும் மீண்டும் ஊற்றுவார்கள். வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது, ஓட்டுநர் உடலில் மதுவின் அளவு பூச்சியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சாப்பாடும் அப்படித்தான், தட்டு காலியானால் நிரம்பும். முதல் சுற்றில் கொஞ்சமாக எடுங்கள், பின்னால் இரண்டு சுற்று வரும். முடிந்ததும் வீட்டம்மாவிடம் 'சருத் முன பென்த்ரு மாஸ' என்று சொல்லுங்கள். சமைத்த கைக்கு நன்றி.

எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைக்காதீர்கள். அப்படி ஊடுருவும் காற்றை 'குரெந்த்' என்பார்கள். காதுவலி, கழுத்துவலி, சளி எல்லாம் அதனால் வருகிறது என்பது உறுதியான நம்பிக்கை. 38 டிகிரி வெயிலில் பேருந்துச் சன்னலை ஒரு பாட்டி மூடினால் காரணம் இதுதான்.

பிறந்தநாள்போலவே பெயர்நாளும், அதாவது தன் பெயருக்குரிய புனிதரின் நாளும், பெரிது: சனவரி 7 இயோன்களுக்கு, மே 21 கான்ஸ்டன்டின், எலெனாக்களுக்கு, டிசம்பர் 6 நிகொலாயேக்களுக்கு. 'லா முல்ட்ஸ் ஆன்' என்று வாழ்த்துங்கள். உங்கள் பிறந்தநாளில் இனிப்பு வாங்கிவர வேண்டியது நீங்கள். மார்ச் 1 அன்று பெண்களுக்குச் சிவப்பு வெள்ளை நூல் கட்டிய 'மர்ட்ஸிஷோர்' கொடுப்பார்கள். அலுவலகத்தில் ஆண்கள் சேர்ந்து வாங்கும்போது நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

பேச்சில் இரண்டு இடங்களில் கவனம். புக்கரெஸ்ட்டையும் புடாபெஸ்ட்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள், அது ஹங்கேரியின் தலைநகர். ருமேனியரும் ரோமா மக்களும் வேறு வேறு. ரோமாக்களின் மொழி இந்தோ ஆரிய மொழி, எண்களைக் கேட்டாலே இந்தியத் தொடர்பு தெரியும். அவர்கள்மீது அங்கே பழைய பாகுபாடு இருக்கிறது. கருத்த நிறத்தால் உங்களையும் அவர்களாக எண்ணிக் கடைக் காவலர் பின்தொடரக்கூடும். அப்போது 'நான் அவர்களில்லை' என்று அவர்களை இழிவாகப் பேசித் தப்பிக்காதீர்கள்.

அண்டை வீட்டார் திடீரென ஒரு பாத்திரத்தில் சோறோ ரொட்டியோ மெழுகுவத்தியோடு நீட்டினால் அது இறந்தவர் நினைவாகத் தரும் 'பொமான'. வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது நன்றி என்று சொல்வதில்லை, 'பொக்தப்ரோஸ்தே' என்பார்கள். இறந்தவரின் ஆன்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும் என்ற பொருளில் சொல்லப்படுவது.

ஈஸ்டர் அவர்கள் நாட்காட்டியில் பெரும்பாலும் மேற்கத்திய நாளிலிருந்து விலகி வரும், 2027-ல் மே 2. அன்று முதல் நாற்பது நாள் 'புன ஸீவ'க்குப் பதில் 'ஹ்ரிஸ்தொஸ் ஆ உன்வியாத்' என்பார்கள், கிறிஸ்து உயிர்த்தார் என்று. பதில்: 'அதெவரத் ஆ உன்வியாத்', உண்மையாகவே உயிர்த்தார். எந்த மதத்தவரானாலும் பதில் சொல்வது மரியாதை. கூடவே சிவப்பு முட்டை ஒன்று கையில் தருவார்கள். உரிக்க அவசரப்படாமல் கூர்முனை மேலே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் தன் முட்டையால் தட்டுவார்.